கோணல் வரிசைக் கட்டைகள்

ஜெஃபர்சன் சிட்டி, மிசூரி
மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ரெஜீனாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் பெரியப்பாவும் அவரவர் வயதுக்கு ஏற்ற நலத்தோடு இருக்கிறோம். நீ நலமாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், ஆனால் போனில் எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறார்கள், அதனால் உன் கையெழுத்தில் நாலு வரி வந்தால்தான் எனக்கு மனம் அமையும். இங்கே பனி விட்டுவிட்டது. பின்வாசல் மரத்தில் இளஞ்சிவப்பு மொட்டுகள் வந்திருக்கின்றன. நியூசிலாந்தில் உங்களுக்கு இனிமேல்தான் குளிர் தொடங்கும் என்பதை ஒவ்வொரு வருடமும் உலக உருண்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் நம்புகிறேன். இந்தச் சேதியைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தாலே பெரியப்பா "யாரு, ரெஜீனாவா, இங்க குடு" என்று வாங்கிக்கொள்கிறார், பிறகு எனக்கு மிஞ்சுவது "சரிம்மா, வச்சிடறேன்" மட்டும்தான். தவிர, முக்கியமான எதையும் நான் வாயால் சொல்லிச் சரியாக முடித்ததில்லை. எழுதினால் அடித்துத் திருத்தலாம். இது மூன்றாவது தாள்.

முதலில் பெரியப்பாவின் உடம்பு. மாலையானால் கால் வீங்குகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆக்சிஜன் உருளை ஒன்று சக்கர வண்டியில் அவரோடு வீடு முழுவதும் வருகிறது. அதற்கு அவர் தன் பழைய நாயின் பெயரை வைத்து "வாடா பூமர்" என்று இழுத்துக்கொண்டு போகிறார். போன மாதம் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எங்காவது போக வேண்டும் என்றால் கோடைக்குள் போய்விட்டு வந்துவிடுங்கள், அதற்கு அப்புறம் எதையும் திட்டம் போடாதீர்கள் என்றார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து காரை எடுத்தேன். இரண்டு தெரு தாண்டியதும் பெரியப்பா, "அந்தம்மா உங்கிட்டயும் அதையேதான் சொல்லிச்சா? எங்கிட்ட போன வாரமே சொல்லியாச்சு. மூஞ்சிய மாத்துடா, ரோட்டப் பாரு" என்றார். உனக்கு இதை மறைக்கக் கூடாது என்றும் அவரே சொல்லிவிட்டார், அதனால் எழுதுகிறேன்.

பயணப் பேச்சு தொடங்கியது தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை, கோவில் கூடத்தில் மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. எதிரில் உட்கார்ந்த ஒருவர், புதிதாக நம் கோவில் பங்குக்கு வந்தவர், பெரியப்பாவிடம் என்ன பயிர் செய்தீர்கள் என்று கேட்டார். கதிர்க்கட்டையைக் குடைந்து புகை பிடிக்கும் பைப் செய்கிற மக்காச்சோளம் என்றார் பெரியப்பா. "அப்ப நீங்க நல்லா புகை புடிப்பீங்க" என்றார் அவர். "எங்கம்மா அடுப்புப் புகையையே வெளிய போன்னு வெரட்டுவா, இதுல நான் வேறயா? நான் வெளைச்சது எல்லாம் ஊரான் வாயிலதான்" என்று பெரியப்பா சொல்ல, மேசையே சிரித்தது. அந்த மனிதர் விடவில்லை, பைப் தொழிற்சாலை உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டார். "யாரு பார்த்தா? முற்றத்துல எறக்குவேன், சீட்டு வாங்குவேன், வந்துடுவேன். என் பூட்ஸ் சேத்தோட எவன் உள்ள விடுவான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்து காரை நிறுத்தின பிறகு, "என் கடைசி வெள்ளாமை அங்கதான் மாடியில கெடக்குது. ஒரு தடவ பார்த்துட்டா நல்லாருக்கும்" என்றார். எதையும் வேண்டும் என்று கேட்காத மனிதர் அவர்.

அந்தக் கடைசி வெள்ளாமை எது என்று உனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம் நீ வந்திருந்தபோது, ஆற்றோர நிலத்தில் நானும் ஒரு பக்கம் விதைக்கிறேன் என்று டிராக்டரில் ஏறினாயே, அதுதான். முளைத்து வந்த வரிசைகளைப் பார்த்து "இத பாத்து நடந்தா குடிக்காதவனும் தள்ளாடுவான்" என்று பெரியப்பா உன்னைக் கேலி செய்தது ஞாபகம் இருக்கும். நீ போன பின் அந்த நவம்பரில்தான் அவருக்கு முதல் தடவை நெஞ்சு பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காற்றில் பயிர் பெரும்பாலும் சாய்ந்து கெட்டுவிட்டது, ஒரு டிரெய்லர் மட்டும் தேறியது என்று அவர் சொன்னார், நான் உனக்கும் அப்படியே எழுதினேன். அந்த ஒரு டிரெய்லர்தான் இப்போது மாடியில் கிடக்கிறது. மணி உதிர்த்த கட்டையை இரண்டு வருடம் சும்மா போட்டு வைத்தால்தான் உள்ளே இறுகும், அப்புறம்தான் துளை போடுவார்கள். போன வருடம் பிப்ரவரியில்தான் மணி உதிர்த்து மாடியில் ஏற்றினார்கள், அந்தக் கணக்குப்படி வரும் பிப்ரவரியில் தயாராகும். டாக்டரம்மா சொன்னது கோடை. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் என்ன செய்வது என்று சில நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

பிறகு எனக்குத் தெரிந்த வழியில் திட்டம் போட ஆரம்பித்தேன். முப்பது வருடம் இந்த மாநிலத்துச் சாலைப் படங்களை வரைந்தவன் நெடுஞ்சாலையில் கார் ஓட்டப் பயப்படுகிறான் என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள், அவள் இருந்தவரை அவள்தான் ஓட்டினாள். ஆகவே ரயில். ஆற்றங்கரையை ஒட்டியே போகும், இதே மிசூரியில் இருக்கிற வாஷிங்டன் ஸ்டேஷனில் இறங்கினால் தொழிற்சாலையும் அதைச் சேர்ந்த பைப் அருங்காட்சியகமும் அதே கரையில்தான். ஆனால் ஸ்டேஷனிலிருந்து அவர் நடந்துவிடுவாரா, வழியில் உட்கார இடம் உண்டா, உருளை வண்டி ஏறும்படி நடைபாதை இருக்கிறதா, படிகள் எப்படி, இதெல்லாம் படத்தில் தெரியாது. போன் செய்து கேட்கலாம் என்று இரண்டு தரம் எடுத்தேன், அந்தப் பக்கம் ஹலோ என்றதும் வைத்துவிட்டேன். கடைசியில் நானே ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம் என்று துணிந்தேன். உன் பெரியப்பாவிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாளை மதியம் எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு, தனியாக ரயில் ஏறினேன். இந்த வயதில் இது எனக்கு ஒரு சாகசம். சிரிக்காதே.

பெஞ்சுகள் இருக்கின்றன, நடைபாதையும் பரவாயில்லை. அருங்காட்சியக வாசலில் நின்று, உள்ளே போவதா, இன்னொரு முறை அந்த வீதியில் நடந்துவிட்டு வருவதா என்று யோசித்தேன். உள்ளே கல்லாவில் இருந்த பெண், பெயர் டார்லீன், "உள்ள வாங்க சார், கதவுலயே நின்னா ஆத்துக் காத்து பூரா உள்ள வருது" என்றாள். போனேன். கண்ணாடி அலமாரிகளில் நூறு வருடத்துப் பைப்புகள், மூலையில் பட்டை போட்டுச் சுற்றும் பழைய கடைசல் இயந்திரங்கள், எல்லாவற்றின் மேலும் வறுத்த தானியம் போல ஒரு வாசனை. மாடியைப் பார்க்கலாமா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன், எத்தனை மணிக்கு அடைப்பீர்கள் என்று கேட்டேன். அவள் சொன்னாள். மறுபடி வாயைத் திறந்தேன், ஒரு பைப் வாங்கிவிட்டேன். "புடிப்பீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப பரிசா?" என்றாள். தெரியவில்லை என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாருக்குக் குடுத்தாலும் ஒண்ணு சொல்லிடுங்க, கப்பு கழுவுற மாதிரி தண்ணியில போட்டுக் கழுவிடப் போறாங்க, ஊறிப் போயிடும்" என்றாள். அந்த இரக்கத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்து, என் அண்ணன் நார்பர்ட் இங்கே கட்டை போட்டவர் என்று சொன்னேன். அவள் உடனே பின்பக்கம் திரும்பி, "கர்ட், சேத்து பூட்ஸ்காரரோட தம்பி வந்திருக்காரு" என்று கூப்பிட்டாள்.

பார் ரெஜீனா, முற்றத்தோடு திரும்பியவரை அவர்கள் உள்ளே இத்தனை நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். கர்ட் ஸ்ட்ரக்ஹாஃப் என்பவர் மேஸ்திரி, ஐம்பது வயது இருக்கும், மேலெல்லாம் சோளத் தூள். "அண்ணன் இருக்காரா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட விதம் தவறாகிவிட்டதோ என்று அவரே கையைப் பிசைந்தார். நான் இருக்கிறார் என்றேன், டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம். அவர் உள்ளே போய் இரண்டு கட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் தட்டிக் காட்டினார். போன வருட அறுவடையின் கட்டை பொத்தென்று விழுந்தது, காலம் முடிந்த கட்டை மரம் போலச் சத்தம் கொடுத்தது. அண்ணனுடையது இன்னும் இதற்கும் அதற்கும் நடுவில் என்றார். அண்ணனை மே மாதம் கூட்டி வருகிறேன், அதற்குள் அதில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் துளை போட்டுத் தர முடியுமா, அவர் கையில் பிடித்துப் பார்க்க என்று நான் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "போடலாம். போட்டா உள்ள பஞ்சு பஞ்சாப் பிரியும், நாலு தடவ நெருப்பு வச்சா வெடிக்கும். அண்ணனுக்கே தெரியுமே அது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இருங்க, மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போன் பண்றேன்" என்றார். மாடிக்கு மரப்படிதான், வெளியாட்களை ஏற்றுவதில்லை, அதையும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

நான் கணக்கில் விட்டது ஒன்றுதான், போன் மணி அடித்தால் முதலில் எடுப்பது உன் பெரியப்பா. வெள்ளிக்கிழமை காலை நான் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து, "தம்பி, உன் பல் டாக்டர் பேசுறாரு. பச்சைக் கட்டையில துளை போட மொதலாளி சரின்னுட்டாராம்" என்றார். நான் கரண்டியோடு போய் நின்றேன். அவர் ஸ்ட்ரக்ஹாஃபிடம் மரியாதையாகப் பேசி, குடும்பத்தை விசாரித்து, வேண்டாம்ப்பா, ஒரு கட்டையையும் தொடாதே என்று சொல்லி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை, உனக்கும் தெரியும். "இத்தன வருஷத்துல ஒரு ஈரக் கட்டை நான் அனுப்புனதில்ல. கடைசியா என் பேருல வெடிச்ச பைப்பு ஒண்ணா?" என்றார். நீங்கள் கையில் பிடித்துப் பார்க்க என்றுதான் என்று நான் ஏதோ சொன்னேன். "நான் எப்படா புடிச்சுப் பாக்கணும்னேன்? கெடக்கறத பாக்கணும்னேன். அதுவும் அது என்னோட கட்டையா? ரெஜீனாவோட கட்டை. அவளக் கேக்காம அவசரப்படுத்த நீ யாரு, நான் யாரு?" என்றார். எனக்குப் புரியவில்லை. விதைத்தது கொஞ்சம் அவள், மீதி எல்லாம் நீங்கள்தானே என்றேன். அப்போதுதான் மூச்சு வாங்க உட்கார்ந்து, ஒன்றரை வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

அந்த நவம்பரில் காற்றும் அடிக்கவில்லை, ஒன்றும் அடிக்கவில்லை. பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், மழை வேறு வருகிறது என்று பக்கத்து நிலத்து வெர்ன் நல்ல மனதோடு தன் பெரிய அறுவடை இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய் நம் சோளத்தை அறுத்திருக்கிறான். ஊரில் மற்றவர்களுக்கு மணிதானே விளைச்சல், கட்டை குப்பை. நமக்கு அது தலைகீழ் என்பது அவனுக்குத் தெரியாததல்ல, பதற்றத்தில் மறந்துவிட்டான். மணியை எல்லாம் ஒன்று சிந்தாமல் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டு, கட்டையை எல்லாம் பொடியாக்கி நிலத்தில் விட்டுவிட்டான். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, "கவலைப்படாதீங்க அண்ணே, ஒரு மணி வீணாகாம எடுத்தாச்சு" என்றானாம். நான் அப்போது கீழே காப்பி வாங்கப் போயிருந்திருக்கிறேன். பெரியப்பா ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு, பூராவும் முடிந்ததா என்று மட்டும் கேட்டிருக்கிறார். "அந்த ஆத்தோரத்துக் கோணல் வரிசை மட்டும் பாக்கி அண்ணே. அது என்ன வரிசையா, பாம்பு போன தடமா? மிஷினு வாய்க்குள்ளயே நுழைய மாட்டேங்குது. அத மட்டும் நாளைக்கு வேற பக்கமா வந்து பாக்கறேன்" என்றானாம் வெர்ன். "வேணாம் வெர்ன், அத விட்டுரு. அத என்னோட பழைய கதிரொடிக்கிற மிஷின்லதான் எடுக்கணும்" என்று பெரியப்பா சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்கிறது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோடு நின்றுவிட்டானாம். அப்போது பெரியப்பா அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: "இந்த வருஷம் காத்து ஜாஸ்தி வெர்ன். நெறைய சாஞ்சு போச்சு. அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்." அந்தப் பழைய இயந்திரத்தை எடுத்து, உன் வரிசைகளின் வளைவுக்கு வளைந்து, ஒரு கதிர் நசுங்காமல் ஒடித்துக் கொண்டுபோய்த் தொழிற்சாலை முற்றத்தில் இறக்கியதும் வெர்ன்தான்.

ஆகவே மகளே, மாடியில் கிடக்கிற அத்தனையும் நீ விதைத்தது. உன் பெரியப்பா நேராக விதைத்தது ஒரு கட்டைகூட மிஞ்சவில்லை. அவர் அதைச் சொல்லும்போது வருத்தத்தோடு சொல்லவில்லை. "ஐம்பது வருஷம் கயிறு புடிச்ச மாதிரி ஓட்டுனேன். மிஞ்சுனது இவ ஓட்டுன கோணல். சாமிக்குக் குசும்பு ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரித்து, அந்தச் சிரிப்பில் இருமல் வந்து, நான் பூமரைப் பக்கத்தில் இழுத்து விட வேண்டியதாயிற்று. நான் இதைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். என் வாழ்நாள் முழுக்க கோடுகள் நேராக வர வேண்டும் என்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் நான், உன்னையும் அப்படித்தான் வளர்க்கப் பார்த்தேன், நீ பூமியின் மறுபக்கம் போனபோது என் கோடு எங்கேயோ பிசகிவிட்டது என்று நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக நினைக்க முடியவில்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சரியாகச் சொன்னேனா என்பதும் தெரியவில்லை.

இப்போது திட்டம் இரண்டாகிவிட்டது. முதல் பயணம் மே மாதம், பெரியப்பாவும் நானும். ஸ்ட்ரக்ஹாஃப் மறுபடி பேசினார், படி ஏற முடியாவிட்டால் மாடி ஜன்னல் வழியாகக் கப்பி போட்டு இரண்டு சாக்கைக் கீழே இறக்குகிறோம், அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கை விட்டுப் பார்க்கட்டும் என்றார். நல்ல காலணி ஒன்று வாங்கலாமா என்று கேட்டேன். "சேத்து பூட்ஸோடதான் வருவேன். இல்லன்னா யாருன்னு தெரியாம வெளிய அனுப்பிடுவாங்க" என்கிறார். அதுவரை நான் வாங்கி வந்த பைப்பை வெறுமனே வாயில் வைத்துக்கொண்டு நீதிபதி மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். உன் பாட்டி பார்த்தால் அதற்கும் திட்டுவாள்.

இரண்டாவது பயணம் பிப்ரவரி. அந்தக் கட்டைகளில் துளை போடும்போது நீ இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. "நான் இருக்கணும்னு இல்ல. அவ இருக்கணும். மொத பைப்ப அவதான் வாங்கணும். நல்லா இறுகினதுதானான்னு தட்டிப் பாத்து வாங்கச் சொல்லு" என்றார். ரயில் டிக்கெட் இப்போதே வாங்கலாம் என்கிறார்கள். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு, அப்படியென்றால் எனக்கும் ரெஜீனாவுக்கும் இரண்டா என்று கேட்டேன், கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்து, "மூணு வாங்கு. நான் வரலைன்னா அந்த சீட்டுல உன் கோட்ட வை. தெரியாதவன் எவனாவது பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுத்தா நீ பயந்துடுவ" என்றார். மூன்று வாங்கிவிட்டேன்.

உன் வேலை, விடுமுறை, விமானத்துக்கு ஆகும் செலவு எல்லாம் எனக்குத் தெரியும், ஆகவே வா என்று நான் எழுதவில்லை, யோசித்துப் பார் என்றுதான் எழுதுகிறேன். மேயிலேயே வர முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை, ஆனால் அதையும் நான் கேட்கவில்லை. வெர்னைப் பார்த்தாலோ பேசினாலோ இது உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, காற்று என்றே இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, வண்டியின் சக்கரங்களைக் குளிருக்கு முன் பார்த்துக்கொள், ஞாயிற்றுக்கிழமையில் கோவிலுக்குப் போகாவிட்டாலும் ஒரு நிமிடம் எங்களை நினை. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உன் அம்மா இருந்தால் என்ன சொல்லி வாழ்த்துவாளோ அதையும் சேர்த்துக்கொள்.

ஒன்று மட்டும் மறக்காதே. என்னிடம் இருப்பது ஒரே ஒரு கோட்டு. அதை ஓர் இருக்கையில்தான் வைக்க முடியும்.

உன் அன்பு அப்பா,
யூஜின்